பேரு எழுதியாச்சு, இடம் எப்போ?

"பிள்ளைக்கு இடம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நாகர்கோவிலிலும் சரி, மார்த்தாண்டத்திலும் சரி, பெரும்பாலான டே கேர்களில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பேரு எழுதிட்டுப் போங்க, கூப்பிடுதோம்." ஒரு நோட்டில் பெயர், போன் நம்பர், வந்த தேதி மூன்றும் ஏறும். அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்கு எப்போது இடம் வரும் என்று நோட்டை வைத்திருப்பவராலும் சொல்ல முடியாது.

ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்பவர் நகர்ந்தால் நாம் ஓரடி முன்னே போவோம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இந்தப் பட்டியல் அப்படி நகராது. பதினெட்டாவது பெயருக்கு ஜூனில் இடம் கிடைக்கும், மூன்றாவது பெயர் அடுத்த ஜூன் வரை அப்படியே கிடக்கும். யாரும் யாரையும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் ஏன் அப்படி ஆனது என்று விளக்கத் தெரியாததால் "ஆளு பாத்து இடம் குடுக்காங்க" என்று பேச்சு வரும். கணக்கு தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

முதலில் 'இடம்' என்றால் என்ன என்று பார்ப்போம். வீடு பெரிது, ஹால் பெரிது, ஐம்பது பிள்ளைகளை விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட குழந்தைக் காப்பக வழிகாட்டுதல்கள் ஒரு பிள்ளைக்கு 10 முதல் 12 சதுர அடி தரை வேண்டும் என்கின்றன. 3 வயதுக்குக் கீழே 10 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர், அதற்கு மேலே 20 பிள்ளைகளுக்கு ஒருவர், கூடவே உதவியாள். இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஆறு மாதப் பிள்ளைகளுக்கு அந்தப் பத்தை அப்படியே வைத்து நடத்தினால் என்ன ஆகும் என்று நிமிடக் கணக்கில் பாருங்கள். எட்டு மணி நேரம் இருக்கும் கைப்பிள்ளைக்கு மூன்று தடவை பாலோ கூழோ கொடுக்க வேண்டும், தடவைக்கு 20 நிமிடம். ஆறு தடவை துணி மாற்றித் துடைக்க ஐந்தைந்து நிமிடம். மூன்று தடவை உறங்க வைக்கக் கால் கால் மணி நேரம். கூட்டினால் 135 நிமிடம். ஆயா சாப்பிட, கழிப்பறைக்குப் போக ஒரு மணி நேரத்தைக் கழித்தால் அவரிடம் மிச்சம் இருப்பது 420 நிமிடம். மூன்று பிள்ளைகளுக்கு 405 நிமிடம் போய்விடும். நான்காவது பிள்ளையை இன்னொருவர் கைகொடுத்தால் சமாளிக்கலாம். ஐந்தாவது பிள்ளை வந்தால் ஏதோ ஒன்று எப்போதும் அழுதுகொண்டேயிருக்கும். ஆக, இடம் என்று நாம் சொல்வது தரையை அல்ல, ஒரு பெண்ணின் கையில் உள்ள நிமிடங்களை.

தரையும் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும், ஆனால் எதிர்பாராத வழியில். நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் சேலைத் தொட்டிலில் உறங்கிப் பழகியவர்கள். பாயில் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். ஆகவே சின்ன அறையில் எத்தனை பிள்ளைகளை எடுக்கலாம் என்பதை உத்தரத்தில் எத்தனை கொக்கி இருக்கிறது என்பது தீர்மானிக்கும். தொட்டில் சுவரிலும் பக்கத்துத் தொட்டிலிலும் இடிக்காமல் ஆட ஐந்தடிக்கு ஐந்தடி வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நான்கு கொக்கிக்கு மேல் வைப்பது ஆபத்து. பாயென்றால் பிள்ளைக்கு இரண்டடிக்கு நாலடி போதும். இதனால் நல்ல இடங்களில் சேர்க்கையின்போதே "தொட்டிலா, பாயா?" என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். இதைக் கேட்காத டே கேரில் 11 மணிக்கு எட்டுப் பிள்ளைக்கு நாலு தொட்டிலோடு நிற்க வேண்டிவரும்.

இப்போது பட்டியல் எப்படி நகர்கிறது என்பதற்கு வருவோம். 30 பிள்ளைகள் உள்ள ஒரு டே கேரை வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை சின்ன அறை, 8 இடம். ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை நடு அறை, 10 இடம். அதற்கு மேல் பெரிய அறை, 12 இடம். வருடம் முழுக்க எல்லாம் நிறைந்திருக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. பெரிய அறையிலிருந்து 9 பேர் எல்.கே.ஜி. போகிறார்கள். வெளியே நிற்பவர்களுக்கு 9 இடம் வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்பதில் 3 பேர் பள்ளி விட்டதும் வேன் மூலம் டே கேருக்கே திரும்பி வந்து மாலை வரை இருப்பார்கள். ஆக முழுநாள் இடம் 6, காலை மட்டும் உள்ள இடம் 3. நடு அறையில் இரண்டரை வயது முடிந்த 5 பேர் அந்த ஆறில் ஏறிவிடுவார்கள். சின்ன அறையில் ஒன்றரை தாண்டிய 4 பேர் நடு அறைக்கு மாறுவார்கள். மிச்சம் என்ன? வெளியிலிருந்து எடுக்க சின்ன அறையில் 4, நடு அறையில் 1, பெரிய அறையில் முழுநாளுக்கு 1, காலைக்கு மட்டும் 3.

பட்டியலில் முதல் மூன்று பெயரும் இரண்டு வயதுப் பிள்ளைகள் என்றால் முதல் பெயருக்கு மட்டும் நடு அறை கிடைக்கும். மூன்றாவது பெயர் நிற்க வேண்டியதுதான். பதினெட்டாவதாக எழுதிய எட்டு மாதப் பிள்ளை சின்ன அறையின் நான்கில் ஒன்றுக்குள் வந்துவிடும். தொடக்கத்தில் சொன்ன புதிருக்கு விடை இதுதான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே வரை நிற்கும். ஒன்றரை வயது முடிந்தும் நடை சரியாக வராத பிள்ளையை ஓடுகிற பிள்ளைகளோடு நடு அறையில் விட முடியாது. அதை இரண்டு மாதம் சின்ன அறையிலேயே வைத்தால் சின்ன அறைக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை இரண்டு மாதம் தள்ளிப்போகும். அதேபோல ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகள். ஜூலை 31-ல் 3 வயது முடிந்திருக்க வேண்டும் என்று பள்ளி கறாராகப் பார்த்தால், ஆகஸ்ட் 2-ல் பிறந்த பிள்ளைக்கு அந்த வருடம் எல்.கே.ஜி. கிடையாது. அடுத்த ஜூன் வரை, கிட்டத்தட்ட நாலு வயதாகும்வரை, பெரிய அறையில் இருக்கும். எல்லாப் பள்ளியும் அவ்வளவு கறார் இல்லை. அதனால் ஜனவரியிலேயே ஒவ்வொரு அம்மாவிடமும் "எந்த ஸ்கூல், உறுதியா?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஏப்ரலில் கேட்டால் பிந்திவிட்டது.

ஜூனைத் தவிர மற்ற மாதங்களில் இடம் விழுவதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மே மாத இடமாறுதல், அம்மாவுக்கு வெளிநாட்டு நர்ஸ் வேலை கிடைப்பது, கல்ஃபில் இருக்கும் அப்பா குடும்ப விசா எடுப்பது, சென்னையில் மூத்த பேரனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஊருக்குத் திரும்புவது. நம் குமரி மாவட்டத்து டே கேர்களுக்கு உண்மையான போட்டி அடுத்த தெரு டே கேர் இல்லை. ஆச்சிதான்.

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே வரும். பிறந்த தேதி, இன்னும் பிறக்கவில்லை என்றால் பிரசவத் தேதி. எந்த மாதம் சேர்க்க வேண்டும். வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. அண்ணனோ அக்காவோ இங்கே படித்தார்களா. தொட்டிலா பாயா. அலர்ஜி, வலிப்பு, வேறு சிறப்புக் கவனம். இரண்டு போன் நம்பர், அதில் ஒன்று உள்ளூரில் இருப்பவருடையது. அப்பா துபாயிலோ தம்மாமிலோ இருந்தால் "அவங்கப்பாகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று இரண்டு நாள் போய்விடும், அதற்குள் இடம் கைமாறிவிடும். பெயர் எழுதிய தேதியையும் எழுதுங்கள், ஆனால் அந்தத் தேதிப்படி அடுக்காதீர்கள். சேர வேண்டிய மாதம், அந்த மாதத்தில் பிள்ளையின் வயது, அதற்கான அறை என்ற வரிசையில் அடுக்கி, ஒரே அறைக்கு ஒரே மாதத்தில் இரண்டு பேர் வந்தால் மட்டும் எழுதிய தேதியைப் பாருங்கள். கணினியில் ஒரு எக்செல் தாள் போதும், பெரிய மென்பொருள் வேண்டாம்.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. நாலு மாதத்தில் எழுதிய பெயர் சின்ன அறைப் பட்டியலிலேயே கிடக்கும். பத்து மாதம் கழித்து இடம் வந்ததும் கூப்பிட்டால் பிள்ளைக்கு ஒரு வயது இரண்டு மாதம். சேர்த்தால் நாலே மாதத்தில் நடு அறைக்கு மாற வேண்டும், அங்கே இடம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பெயரின் வயதையும் புதிதாகக் கணக்கிட்டு அறை மாற்றி எழுதாத பட்டியல் ஆறே மாதத்தில் பொய்யாகிவிடும்.

அடுத்தது நேரம். சுவரில் ஒரு அட்டை ஒட்டுங்கள். காலை ஏழரை முதல் மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு கட்டம், 21 கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை தலை என்று எண்ணி எழுதுங்கள். எந்தக் கட்டமும் அப்போது இருக்கும் ஆட்களால் தாங்கக்கூடிய எண்ணைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் உச்சம் நண்பகல் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை இருக்கும். காலை மட்டும் வரும் பிள்ளை இன்னும் போகவில்லை, மதியப் பிள்ளை வந்துவிட்டது, எல்.கே.ஜி. வேன் வாசலில். ஒரே இடத்தைக் காலைப் பிள்ளைக்கும் மதியப் பிள்ளைக்கும் பிரித்துக் கொடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த ஒரு மணி நேரத்தில்தான். சோறு ஊட்டும் நேரமும் அதுவே. காலைப் பிள்ளை 12:15-க்குள் போக வேண்டும், மதியப் பிள்ளை 1:45-க்கு மேல் வர வேண்டும் என்று சேர்க்கையிலேயே எழுதி வாங்காவிட்டால் அந்த இடம் இரண்டாகப் பிரியாது, இரட்டிப்பாகும்.

திங்கள் புதன் வெள்ளி ஒருவர், செவ்வாய் வியாழன் சனி ஒருவர் என்று நாளாகப் பிரிப்பது இதைவிடச் சுலபம். அதிலும் கோளாறு உண்டு. திங்கட்கிழமை உள்ளூர் விடுமுறை வந்தால் "அதுக்குப் பதிலா செவ்வாய் விடட்டுமா?" என்று கேட்பார்கள். நம் மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, மாசியில் மண்டைக்காடு கொடை, மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1 என்று உள்ளூர் விடுமுறைகளுக்குக் குறைவில்லை. மாற்று நாள் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மாக்களின் சிக்கல் தனி. ஒரு வாரம் காலை டியூட்டி, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. அவர்கள் பயன்படுத்துவது பாதி நேரம்தான், ஆனால் முழு இடமும் அடைபட்டுவிடும். டியூட்டி அட்டவணையை முந்தைய சனிக்கிழமைக்குள் கொடுத்தால் முக்கால் கட்டணம், இல்லையென்றால் முழுக் கட்டணம் என்று வைத்தால், காலியாகும் அரைநாட்களைப் பட்டியலில் உள்ள பகுதிநேரக்காரருக்குக் கொடுக்கலாம். இரணியலிலோ குழித்துறையிலோ ரயில் ஏறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆறரைக்குத் திறக்க வேண்டும், மாலை ஏழு வரை இருக்க வேண்டும். வண்டி பிந்தினால் கடைசிப் பிள்ளைக்காக ஒருவர் அல்ல, இருவர் இருக்க வேண்டும். ஒற்றை ஆயாவோடு ஒற்றைப் பிள்ளையை விட்டுப் பூட்டும் வழக்கம் எந்த டே கேரிலும் கூடாது. ஆகவே பிந்தும் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேர் கூலி. தாமதக் கட்டணம் வாங்குகிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இடம் வந்ததும் என்ன செய்வது? ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஜூன் கணக்கு ஓரளவு தெளிந்துவிடும். போனில் சொல்லி, அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்ப வேண்டும்: எந்த அறை, எந்த நேரம், எந்தத் தேதியிலிருந்து, முன்பணம் எவ்வளவு, எப்போதுக்குள் பதில். 48 மணி நேரம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் உள்ளூர் நம்பருக்கு ஒரு தடவை, பிறகு அடுத்த பெயர். ஒரு தடவை வேண்டாம் என்றவரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டாம், மாதத்தை மாற்றிப் போடுங்கள். இரண்டு தடவை மறுத்தால் கேட்டுவிட்டு எடுத்துவிடலாம்.

பட்டியலில் பாதி ஆவிப் பெயர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளையின் பெயர் வடசேரியில் ஒன்று, வெட்டூர்ணிமடத்தில் ஒன்று, பார்வதிபுரத்தில் ஒன்று என்று மூன்று நோட்டில் இருக்கும். ஓரிடத்தில் சேர்ந்ததும் மற்ற இரண்டு இடத்துக்கும் யாரும் போன் செய்து சொல்வதில்லை. ஜனவரியில் ஒரு செய்தி, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்னும் இடம் வேண்டுமா? ஆம், இல்லை என்று மட்டும் பதில் போடுங்கள்." இதைச் செய்யாமல் "எங்ககிட்ட அறுபது பேரு வெயிட்டிங்" என்று பெருமை பேசுகிற இடத்தை நான் நம்புவதில்லை. அது பட்டியலின் நீளம் மட்டும்தான்.

பணம். பெயர் எழுதவே ஐந்நூறு, ஆயிரம் என்று திரும்பத் தராத பதிவுக் கட்டணம் வாங்குவதை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. தர இடமே இல்லாத ஒன்றுக்கு விலை அது. இடம் உறுதியான பிறகு ஒரு மாதக் கட்டணத்தை முன்பணமாக வாங்கி, கடைசி மாதத்தில் கழித்துக்கொள்வது சரி. இடம் ஜூனில் விழுகிறது, அம்மாவின் பேறுகால விடுப்பு ஆகஸ்டில்தான் முடிகிறது என்றால் இரண்டு வழி. அரைக் கட்டணம் கட்டி இடத்தைப் பிடித்து வைக்கலாம். அல்லது அந்த இரண்டு மாதத்துக்கு, ஊரிலிருந்து வந்து தங்கியிருப்பவர், வீட்டில் பார்க்கும் ஆள் நோயில் படுத்தவர் போல, தற்காலிகமாகத் தேவைப்படும் ஒருவருக்கு எழுத்தில் தேதி போட்டுக் கொடுக்கலாம். தேதி போடாமல் கொடுத்தால் ஆகஸ்டில் ஒரே தொட்டிலுக்கு இரண்டு அம்மாக்கள் நிற்பார்கள்.

சிபாரிசைப் பற்றிப் பேசாமல் நம் ஊரில் எந்தப் பட்டியலையும் பேச முடியாது. கவுன்சிலர் போன் செய்வார், பங்கு சாமியார் சொல்லி அனுப்புவார், வீட்டுக்காரர் மச்சினி வருவார். முன்னுரிமை விதிகளை முதலிலேயே எழுதி வாசலில் ஒட்டிவைப்பது ஒன்றுதான் காப்பு. முதலில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளையின் தம்பி தங்கை, ஏனென்றால் ஒரே வீட்டிலிருந்து ஒரே ஆட்டோவில் வருவார்கள். பிறகு பணியாளரின் பிள்ளை. அதைத் தள்ளினால் அந்தப் பணியாளரையே இழப்பீர்கள், அவரோடு நாலு இடத்தையும். பிறகு தனியாக வளர்க்கும் அம்மா அல்லது அப்பா. அதன் பின் தேதி. நோட்டில் 'யார் சொல்லி' என்று ஒரு பத்தி வைத்து எழுதிக்கொண்டே வந்தால் ஆச்சரியமான பலன் கிடைக்கும்: எழுதுகிறார்கள் என்று தெரிந்ததும் பல போன்கள் நின்றுவிடும்.

சேர்ப்பதிலும் வேகம் கூடாது. ஜூன் முதல் திங்களன்று ஆறு புதுப் பிள்ளைகளையும் ஒன்றாக விட்டால் ஒன்று அழ, ஐந்தும் அழும். பழைய பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளும். வாரத்துக்கு இரண்டு பேர், முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரம், அதில் முதல் நாள் அம்மாவோ ஆச்சியோ கூட இருக்கலாம். ஆறு பேருக்கு மூன்று வாரம். தென்மேற்குப் பருவமழையும் சரியாக அப்போதுதான் தொடங்கும். சளி, காய்ச்சல், கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வரும் காய்ச்சல் எல்லாம் புதிய கூட்டத்தில் சுற்றும். ஜூன் மாதத்தில் வராத நாளுக்குக் கட்டணக் கழிவு உண்டா என்பதைச் சேர்க்கையின்போதே பேசிவிட வேண்டும். பிறகு பேசினால் மனக்கசப்புதான்.

ஆட்களின் விடுப்பும் இடக்கணக்கில் சேர்ந்ததே. ஆறு பேர் சம்பளப் பட்டியலில் இருந்தால் தினமும் ஐந்து பேர்தான் வருவார்கள் என்று வைத்துக்கொண்டு இடத்தை முடிவு செய்ய வேண்டும். ஆவணி, தை கல்யாண மாதங்களில் நாலரை என்று வையுங்கள். சமையல் பார்க்கும் அக்காவுக்குக் கைப்பிள்ளையைத் தூக்கவும் பழக்கியிருந்தால் பல நாள் தப்பிக்கலாம்.

இதெல்லாம் பணம் கொடுத்து விடும் இடங்களின் கதை. அங்கன்வாடிக்குக் காத்திருப்புப் பட்டியலே இருக்கக் கூடாது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-ல் போட்ட உத்தரவின்படி, 6 வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் உள்ள கிராமமோ குடிசைப் பகுதியோ மையம் இல்லாமல் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும். கேட்பது எப்படி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எங்கள் தெருவுக்கு மையம் வேண்டும்" என்று வெறும் மனு போட்டால் அது கோப்பில் போய்ச் சேரும். 40 பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், வீட்டு எண், இப்போது உள்ள மையம் எவ்வளவு தூரம், நடுவில் குளமோ தேசிய நெடுஞ்சாலையோ இருக்கிறதா என்று பட்டியலாக எழுதி, வட்டாரத்தின் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் ஒரு பிரதி கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொரு பிரதியைத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து மனு எண் வாங்க வேண்டும். மூன்று மாதக் கணக்கைத் தொடங்க அந்தத் தேதி ஆதாரம்.

ஆனால் ஊரார் இன்னும் பால்வாடி என்று சொல்லும் அந்த மையம், வேலைக்குப் போகும் அம்மாவின் நாளை நிரப்புவதில்லை. கைப்பிள்ளைக்கு அங்கே சத்துமாவு உண்டு, எடை பார்ப்பார்கள், நாள் முழுக்க வைத்துப் பார்க்க மாட்டார்கள். இரண்டு வயதுக்கு மேல்தான் முன்பருவக் கல்வி, அதுவும் மதியத்துக்குப் பின் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஒரே ஒரு பணியாளரும் உதவியாளரும் சமையல், பதிவேடு, போஷன் டிராக்கர் செயலி, வீடு வீடாகப் போவது எல்லாம் பார்க்கிறார்கள். இந்த இடைவெளியை அடைக்க 2022-ல் மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தின் கீழ் வந்தது 'பால்னா' திட்டம். ஆறு மாதம் முதல் 6 வயது வரை, ஒரு காப்பகத்தில் 25 பிள்ளைகள், மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். பக்கத்தில் பால்னா உண்டா என்று திட்ட அலுவலரிடம் கேட்டுவிட்டு அதன் பிறகு டே கேர் தேடுவது நல்லது.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் இலவசமாகத் தர வேண்டிய 25 சதவீத இடத்தை நம்பி டே கேரை விடும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது எல்.கே.ஜி.யிலிருந்துதான், மூன்று வயதுக்குக் கீழே உதவாது. விண்ணப்பம் கூடினால் குலுக்கல். ஆதரவற்றோர், மாற்றுத்திறனாளி பிள்ளைகள் போன்ற சிலருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. அதைவிட முக்கியமானது: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதன் விளைவு பெரிது. வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று பள்ளி இருக்கும், மூன்றும் பட்டியலில் இருக்காது. ஜனவரியிலேயே எந்தப் பள்ளி பட்டியலில் உண்டு என்று பார்த்துவிட்டு டே கேரிடம் பதில் சொல்லுங்கள். கிடைக்கும் என்று நம்பி ஏப்ரலில் இடத்தை விட்டுவிட்டு, குலுக்கலில் விழாமல் ஜூனில் திரும்பி வந்தால் அந்த இடத்தில் வேறு பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும்.

50 அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும் என்பதை 2017-ல் பேறுகாலப் பயன் சட்டத்தில் வந்த திருத்தம் கொண்டுவந்தது. ஐம்பது பெண்கள் அல்ல, ஐம்பது பேர். தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம். பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து பொதுவாகவும் வைக்கலாம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இந்த எண்ணைத் தாண்டும் ஆஸ்பத்திரிகளும் கல்லூரிகளும் கொஞ்சமில்லை. வேலை உத்தரவு வாங்கும்போதே காப்பகம் எங்கே என்று எழுத்தில் கேட்கலாம். இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒன்று நடத்தினால், நர்ஸ் டியூட்டி நேரத்துக்கேற்ப அது திறந்திருக்கும். ஊர் டே கேர்களின் சின்ன அறைப் பட்டியலும் அந்த அளவுக்குக் குறையும்.

இத்தனை நோட்டுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் அதில் வராத பெயர்கள் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் விடியும் முன்னே கடற்கரைக்குப் போய் மீன் எடுத்துத் தலைச்சுமையாகவோ ஆட்டோவிலோ கொண்டுபோய் விற்கும் அம்மாக்கள். தோவாளையில் பூ பறிக்கவும் கட்டவும் போகிறவர்கள். விளவங்கோடு பக்கம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகிறவர்கள். திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். இவர்கள் எந்த டே கேரிலும் பேரு எழுதுவதில்லை, எழுதினாலும் எட்டு மணிக்குத் திறக்கும் இடம் அவர்களுக்கு எதற்கு? பால் வெட்டுக்கு விடியும் முன் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்று பிள்ளைக்கு இடமும் வேண்டாம், கூலியும் இல்லை. மாதக் கட்டணம் அவர்களுக்குப் பொருந்தாது, நாள் கணக்குதான் பொருந்தும். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டமே 50 பெண்கள் அல்லது பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தால் காப்பகம் கேட்டது. ஆனால் ஓரேக்கர், இரண்டேக்கர் வைத்திருப்பவரின் மரத்தை வெட்டுகிறவரை அந்த எண் எங்கே தொடும்? இப்போது அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பது ஆச்சி, இல்லையென்றால் பக்கத்து வீட்டு அக்கா. மூன்று பிள்ளை, நாலு பிள்ளை, நாளுக்கு இவ்வளவு என்று.

அதையே கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய முடியாதா என்றால், கணக்கு கடினமில்லை. அதிகாலை நாலரைக்கு விடும் பிள்ளைகளில் பெரும்பாலானவர் தூக்கத்தோடு வருவார்கள், ஏழு மணி வரை உறங்குவார்கள். பன்னிரண்டு பிள்ளைக்கு இரண்டு பேர் போதும். எழுந்ததும் பல் விளக்க, குளிப்பாட்ட, இட்லியோ புட்டோ கொடுக்க ஒன்றரை மணி நேரம். ஒன்பதுக்கு அங்கன்வாடி திறந்ததும் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களை அங்கே கூட்டிப் போய்விடலாம். கைப்பிள்ளைகள் வெட்டு முடிந்து அம்மா வரும்வரை இருக்கும். கட்டடம்கூடப் புதிதாக வேண்டாம், அங்கன்வாடிக் கட்டடமே அந்த நேரம் பூட்டித்தான் கிடக்கிறது. சாவியை யார் வைத்துக்கொள்வது, அந்த நேரத்துக்கு இரண்டு பேர் சம்பளத்தை யார் தருவது என்ற இரண்டு கேள்வியில் பேச்சு நின்றுவிடுகிறது.